கோழி எரு அம்பாரமும் என் கண்ணீர் அஞ்சலியும்

கோபக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. எது நடந்தாலும் தப்பு யாருடையது என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை. எதிரில் யார் நிற்கிறாரோ, அவருடையது. இந்த வசதியை நான் நாற்பத்தேழு வருடங்களாகக் குறைவில்லாமல் அனுபவித்து வருகிறேன். ஒரே ஒரு சம்பவத்தில் மட்டும், எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிரில் நானே நிற்கிறேன். அதனால்தான் அதை எழுதித் தொலைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுதும்போதும் கோபமாகத்தான் இருக்கிறது. (யார் மேல் என்று கேட்காதீர்கள். அதற்கும் கோபம் வரும்.)

மரக்காணத்தில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் நான் கெமிஸ்ட்ரி டீச்சர். என் வீட்டுக்காரர் அந்தோணி உப்பளத்தில் மேஸ்திரி. எனக்குக் கோபம் எவ்வளவு இருக்கிறதோ, அவருக்குப் பொறுமை அவ்வளவு இருக்கிறது. அந்தப் பொறுமையைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

உப்பளம் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில், ரோட்டோரமாக எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. என் மாமியார் உப்புப் பாத்தியில் சேறு மிதித்து, உப்பு வாரி, சேர்த்து வாங்கிய நிலம். தன் மகனிடம் யார் எதைக் கேட்டாலும் தூக்கிக் கொடுத்துவிடுவார் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். அதனால் நிலத்தை என் பெயரிலும் தன் மகள் லில்லி பெயரிலும் சேர்த்து எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடினார். இரண்டு பேரும் கையெழுத்துப் போடாமல் ஒரு பிடி மண்ணைக் கூட விற்க முடியாது. நாத்தனாரும் அண்ணியும் எந்தக் காலத்திலும் ஒத்துப்போக மாட்டோம் என்பதுதான் அவருடைய முழுக் கணக்கும்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. லில்லி பொம்மையார்பாளையத்தில் வாடகை வீட்டில் இருக்கிறாள். ரோட்டோரம் முழுக்க மனைகளாகக் கல் நட்டுக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டு, மாதம் ஒருமுறை போன் செய்வாள்.

"அண்ணி, அந்த நெலத்துல ரெண்டு வருஷமா முள்ளுதான் மொளைக்குது. வித்துடலாம். நீங்களும் நிம்மதியா இருப்பீங்க, நானும் ஒரு வீட்டப் பாப்பேன்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. இருந்ததால்தான் எனக்குக் கோபம் வந்தது. நிலம் சோர்ந்துதான் கிடந்தது. மண்ணைக் கையில் எடுத்தால் பொடிப்பொடியாக, உயிரே இல்லாமல் கொட்டும். "இந்த வருஷம் அதுல தர்பூசணி போடப் போறேன். உரக்கடைப் பக்கமே போக மாட்டேன். எருவ நானே தயார் பண்ணுவேன்" என்று போனில் சொல்லிவிட்டேன். அந்த நிமிடம் வரை எரு என்ற சொல்லை நான் வாயால் உச்சரித்தது கூட இல்லை.

எருவுக்காகத் திண்டிவனம் ரோட்டில் ஒரு கோழிப்பண்ணைக்குப் போனோம். கூண்டுகளில் முட்டைக் கோழிகள். அடியில் மலைமலையாக எச்சம். பண்ணைக்காரர் நல்ல மனிதர் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இருக்கட்டும். கேள்வி கேட்டது நான். பதில் சொன்னது என் வீட்டுக்காரருக்கு.

"இதுல நைட்ரஜன் எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டேன்.

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "சார், இது பச்ச எரு. அப்படியே போட்டா செடி கருகிடும். தென்ன நார்க் கழிவோ காஞ்ச எலையோ பாதிக்குப் பாதி கலந்துக்குங்க. ஈரம் புட்டு மாவு பதத்துல இருக்கணும். பத்து நாளைக்கு ஒருவாட்டி கெளறி விட்டுடணும். காத்து போனாத்தான் மக்கும்" என்றார்.

"ஏன் காத்து போகணும்?" என்றேன்.

"சார், மேடத்துக்கு இதெல்லாம் புரியாதுங்க. நாத்தம் வேற தாங்க மாட்டாங்க. நீங்க கேட்டுக்குங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டினார். (அந்தத் தலையாட்டலை நான் இன்னும் மன்னிக்கவில்லை.)

குட்டியானை வண்டியில் எருவை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது வழி முழுக்க நான் கொதித்துக்கொண்டு வந்தேன். பதினோரு வருடம் அம்மோனியா நடத்தியவள் நான். நிறமற்ற வாயு, மூக்கைத் துளைக்கும் நெடி, கண்ணில் நீரை வரவழைக்கும். மூன்று மதிப்பெண் கேள்வி. வருஷா வருஷம் வரும். எனக்கா புரியாது? பிரம்மதேசம் ஊரைத் தாண்டுவதற்குள் அந்த ஆள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் ரத்து செய்துவிட்டேன். வீட்டுக்கு வருவதற்குள் என்னுடைய சொந்தத் தத்துவம் தயாராகிவிட்டது.

"ஏங்க, நாத்தம் எதனால வருது? நைட்ரஜன் வாயுவா வெளிய போறதால வருது. சத்து வெளிய போனா எருவுல இன்னா மிச்சம் இருக்கும்? அதனால நாத்தமே வராம இறுக்கி மூடணும். ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகக் கூடாது. ஒரு மூச்சுக் காத்து போகக் கூடாது."

"அவுரு கெளறணும்னு சொன்னாரே?"

"அவுரு கெமிஸ்ட்ரி படிச்சாரா?"

என் வீட்டுக்காரர் பலகையை எடுக்கப் போய்விட்டார். அவருக்கு உள்ளூர சந்தோஷம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இறுக்கி மூடு என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று முப்பது வருடமாகக் காத்திருந்த மனிதர் அவர். எங்கள் ஊரில் மழைக்காலத்துக்கு முன்னால் உப்பை என்ன செய்வார்கள் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நீளமாக அம்பாரம் குவித்து, இரண்டு பக்கமும் சரிவாக இழைத்து, பலகையால் அடித்து அடித்துக் கல்லாக இறுக்கி, மேலே ஓலை வேய்ந்துவிடுவார்கள். எந்தப் புயல் வந்தாலும் உள்ளே ஈரம் இறங்காது. அதில் என் வீட்டுக்காரரை மிஞ்ச ஆள் இல்லை. கையில் எதைக் கொடுத்தாலும் அம்பாரம் குவித்துவிடுவார். (எங்கள் வீட்டில் துவைத்த துணி கூட அப்படித்தான் இருக்கும்.)

ஐப்பசி மழைக்கு முன்னால், நார்க் கழிவும் கலக்காமல், காய்ந்த இலையும் கலக்காமல், சொதசொதவென்று இருந்த கோழி எருவை அவர் உப்பைப் போலவே குவித்தார். பலகையால் அடித்தார். நான் ஒரு பெரிய பிளாஸ்டிக் ஷீட்டைக் கொண்டுவந்து போர்த்தச் சொன்னேன். அதற்கு மேல் பனை ஓலை. அடியைச் சுற்றி சேறு பூசி ஒரு எறும்பு கூட நுழைய முடியாமல் செய்தோம். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அடுத்த வாரமே ஒரு லாரிக்காரர் வண்டியை நிறுத்தி, "உப்பு லோடு எப்பங்க பிரிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஈ இல்லை, நாற்றம் இல்லை. மூன்று மாத மழையில் அம்பாரம் அசையவில்லை. பண்ணைக்காரரை நான் மனதுக்குள் தினமும் ஒருமுறை தோற்கடித்தேன்.

கிறிஸ்துமஸ் அன்றைக்கு லில்லி குடும்பத்தோடு சாப்பிட வந்தாள். பிரியாணி பரிமாறும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"கோழிப் பீய மூடி வெச்சுட்டு அதுக்குக் காவல் வேற காக்குறாங்க எங்க அண்ணி."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "லில்லி, பொங்கல் கழிச்சு வர்ற சனிக்கிழம அம்பாரத்தப் பிரிக்கிறேன். நீ வந்து பாரு. எரு சரியா வரலன்னா அன்னைக்கே நானே கையெழுத்துப் போட்டுத் தர்றேன். நெலத்த வித்துக்க."

என் வீட்டுக்காரர் முகம் மாறிவிட்டது. அவர் அம்மா பாத்தியில் நின்று நின்று காலில் வெடிப்பு விழுந்து வாங்கிய நிலம். ஆனால் கோபத்தில் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. "சரி அண்ணி, இத்தன பேரு சாட்சி" என்று லில்லி எலும்பைக் கடித்தாள்.

அந்தச் சனிக்கிழமையை நான் விழாவாகவே ஏற்பாடு செய்தேன். கோயில் ஹாலிலிருந்து ஆறு பிளாஸ்டிக் சேர் வாங்கிவந்து அம்பாரத்துக்கு எதிரே வரிசையாகப் போட்டேன். முதல் எருவை மந்திரித்துக் கொடுக்க எங்கள் பங்கு ஃபாதரை அழைத்தேன். பாவம், அவர் இளவயசு, எதற்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. அங்கியும் தோளில் பட்டையும் தீர்த்தச் செம்புமாக பைக்கில் வந்து இறங்கினார். சேர்களை எந்தப் பக்கம் போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாடைக்காற்று கடல் பக்கமிருந்து அடித்துக்கொண்டிருந்தது. அம்பாரத்துக்கு அந்தப் பக்கம் போட்டிருந்தால் காற்று எங்களைக் காப்பாற்றியிருக்கும். வெயில் கண்ணில் படும் என்று இந்தப் பக்கம் போட்டேன்.

லில்லி காரில் வந்தாள். தனியாக வரவில்லை. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கறுப்புக் கண்ணாடி போட்ட, நிலம் வாங்கி மனை போட்டு விற்கிற ஒரு மனைக்காரரும் இறங்கினார்.

"சும்மா எடத்தப் பாக்கட்டும்னு கூட்டினு வந்தேன் அண்ணி. கோச்சுக்காதீங்க."

கோபித்துக்கொண்டேன். வாய் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான். அவர் நிலத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "மாடி எடுத்தா கடல் தெரியும்மா. நல்லா போவும்" என்றார். என் நிலத்தில் நின்றுகொண்டு, என் தர்பூசணிக் கொடி படரப்போகிற இடத்தில் மாடி கட்டிக்கொண்டிருந்தார் அந்த மனிதர். "உக்காருங்க சார், மொதல்ல இதப் பாருங்க" என்று அவரை நடுச் சேரில் உட்கார வைத்தேன்.

ஃபாதர் ஜெபத்தை முடித்துத் தீர்த்தம் தெளித்தார். நான் ஒரு சின்ன உரை நிகழ்த்தினேன். (என்னால் நிகழ்த்தாமல் இருக்க முடியாது.) "நல்லா மக்குன எருவுல நாத்தமே இருக்காது. மழ பேஞ்ச மண்ணு வாசனதான் வரும். இப்ப நீங்களே பாப்பீங்க" என்று சொல்லி, அம்பாரத்தின் அடியிலேயே போய் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரர் ஓலையைப் பிரித்து, ஷீட்டை உருவினார். உள்ளே கன்னங்கரேலென்று பளபளத்தது. "பாருங்க, கறுப்பு!" என்று கத்தினேன்.

உப்பு அம்பாரத்தைப் பிரிக்கும்போது மேலேயிருந்து எடுக்க மாட்டார்கள். அடியில் ஒரு வெட்டு வெட்டுவார்கள். உப்பு தானாகச் சரிந்து கொட்டும். என் வீட்டுக்காரர் அதையேதான் செய்தார். கடப்பாரையால் அடியில் ஒரே குத்து. உள்ளேயிருந்து புஸ் என்று ஒரு சத்தம். பிறகு ஒரு பக்கச் சுவர் முழுக்க அப்படியே வழுக்கிக்கொண்டு வந்து என் முழங்கால் வரை நின்றது. அது எரு இல்லை. மூன்று மாதமாக மூச்சு விட முடியாமல் ஊறிக் கிடந்த கோழி எச்சக் கூழ்.

நான் ஆழமாக ஒரு மூச்சு இழுத்தேன்.

நிறமற்ற வாயு. மூக்கைத் துளைக்கும் நெடி. கண்ணில் நீரை வரவழைக்கும். மூன்று மதிப்பெண்ணும் ஒரே நேரத்தில் என் முகத்தில் அறைந்தன. அதோடு அழுகின முட்டை நாற்றமும் சேர்ந்து வந்தது. அதைப் பாடத்தில் வேறு பக்கத்தில் நடத்துவோம். கண்ணைத் திறக்க முடியவில்லை. காறிக்கொண்டே, சேற்றில் விழுந்து எழுந்து, கையைத் துழாவிக்கொண்டு ஓடினேன். நிலத்தின் மூலையில் மோட்டார் கொட்டகை இருக்கிறது. அங்கே தொட்டியில் முகத்தைக் கவிழ்த்தவள்தான், நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. வெளியே நடந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. காதால் கேட்டது பாதி, பிறகு மற்றவர்கள் சொன்னது பாதி.

பாத்தி மிதிக்கப் போயிருந்த பெண்கள் வேலை முடிந்து அந்த வழியாகத்தான் வருவார்கள். முன்னால் வந்தது அஞ்சலை. என் மாமியாரோடு பாத்தியில் வேலை பார்த்தவள். ரோட்டிலிருந்து அவள் பார்த்தது இதுதான். வரிசையாகப் போட்ட சேர்கள். தோளில் பட்டை போட்டு, தீர்த்தச் செம்போடு நிற்கிற ஃபாதர், கண்ணீர் தாரைதாரையாக. வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு குலுங்கி அழுகிற என் வீட்டுக்காரர். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விம்முகிற லில்லி. வெள்ளை வேட்டியில் ஒரு பெரிய மனிதர் தரையில் குத்துக்காலிட்டு ஓங்கரிக்கிறார். நடுவில் புதிதாகச் சரிந்த ஒரு மண்மேடு. எல்லாரும் இருக்கிறார்கள். டீச்சரம்மாவை மட்டும் காணோம்.

"இன்னா மேஸ்திரி, டீச்சரம்மா எங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

அவருக்குப் பேச வாய் வரவில்லை. 'ஒண்ணுமில்லை, போ போ' என்று சொல்வதற்காக இரண்டு கையையும் விரித்து ஆட்டினார். நம் ஊரில் கையை விரித்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

"ஐயோ, எங்க டீச்சரம்மா!" என்று அஞ்சலை மார்பில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பின்னால் வந்த பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு, ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டுச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். காற்று அவர்கள் பக்கமும் அடித்ததால் கண்ணீருக்குக் குறைவே இல்லை.

தொட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நான் என்னுடைய ஒப்பாரியைக் கேட்டேன்.

"வாயத் தொறந்தா திட்டுவியே, திட்டிட்டு டீயும் குடுப்பியே! எம் பேத்தி பெயிலாப் போனான்னு வூட்டுக்கே வந்து சொல்லிக் குடுத்தியே! ஒரு பைசா வாங்கலியே! மாமியா வாங்குன நெலத்த வுட மாட்டேன்னு நின்னியே! அந்த நெலத்துலயே சாஞ்சிட்டியே!"

எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? இந்த அஞ்சலை எதிரில் வந்தால் "இன்னா டீச்சரம்மா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டாள். இத்தனை நல்ல பேச்சை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, நான் சாகட்டும் என்று காத்திருந்திருக்கிறாள்! எழுந்து போய் நாலு கேள்வி கேட்கலாம் என்றால் கண் திறக்கவில்லை. அப்புறம், உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் அழுகையும் வந்துவிட்டது. அம்மோனியாவில் வந்த அழுகையோடு அது கலந்துவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை.

ஒருவழியாகக் கண்ணைத் திறந்து, தலையிலிருந்து கால்வரை கறுப்பாக ஒழுகிக்கொண்டு கொட்டகையிலிருந்து வெளியே வந்தேன். அஞ்சலை என்னைப் பார்த்தாள். ஒப்பாரி பாதியில் நின்றது. இரண்டு பெண்கள் ரோட்டுக்கே ஓடிவிட்டார்கள். ஃபாதர் பழக்கத்தில் தீர்த்தத்தைத் தெளித்தார்.

"இருக்கேன்டி! சாவல!" என்று கத்தினேன்.

"திட்டுறாங்கடி, டீச்சரம்மாதான்" என்றாள் அஞ்சலை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

மனைக்காரர் அதற்குள் தன் காரை எடுத்துக்கொண்டு போயிருந்தார். லில்லியையும் மறந்துவிட்டார். "எடத்துல கால வெச்ச ஒடனே சாவு சத்தம் கேட்டுச்சு. எனக்கு வேணாம்மா" என்று வழியிலிருந்து போன் செய்து சொன்னாராம்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். அஞ்சலை ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் என் பழைய மாணவன் ஒருவன் பைக்கில் அந்தப் பக்கம் போயிருக்கிறான். இப்போது இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், பஜாரில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கிறான். கெமிஸ்ட்ரியில் நாலு முறை பெயிலானவன். என் வீட்டுக்காரர் கையை விரித்ததைத் தூரத்திலிருந்து பார்த்தான். கிட்டே வந்து ஒரு வார்த்தை கேட்டானா? இல்லை. நேரே கடைக்குப் போய் வேலையை ஆரம்பித்துவிட்டான். படிக்கிற காலத்தில் இந்தச் சுறுசுறுப்பில் பாதி இருந்திருந்தால் முதல் தடவையே பாஸாகியிருப்பான்.

பொழுது சாய்கிற நேரத்தில் லில்லியை என் ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தேன். வேறு யாரும் அவளை வண்டியில் ஏற்றத் தயாராக இல்லை. தெருமுனையில் நாலைந்து பேர் ஏணி போட்டு ஏதோ கட்டிக்கொண்டிருந்தார்கள். எட்டடிக்கு ஆறடி. அதில் நான். பள்ளி ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்து யாரையோ அதட்டிக்கொண்டிருந்த போட்டோ. மேலே, 'கண்ணீர் அஞ்சலி'. கீழே, 'எங்கள் கெமிஸ்ட்ரி மிஸ். திட்டிய வாய் இன்று மௌனம். இப்படிக்கு, திட்டு வாங்கிய முன்னாள் மாணவர்கள்.' பக்கத்தில் என் வயது. ஐம்பத்தொன்று என்று போட்டிருந்தது. அன்றைக்கு எனக்கு நாற்பத்து நாலு.

வண்டியை நிறுத்தினேன். ஏணியில் இருந்தவன் திரும்பிப் பார்த்தான்.

"மிஸ்... நீங்க..."

"எறங்குடா கீழ! யாருடா என் வயசுல ஏழு வருஷம் கூட்டுனது?"

ஏணியில் இறங்கவில்லை. குதித்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து, மூன்று முறை சோப்புப் போட்டுக் குளித்தும் நாற்றம் போகவில்லை. பின்வாசல் படியில் லில்லி ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தாள். என் வீட்டுக்காரர் சற்றுத் தள்ளி, யார் முகத்தையும் பார்க்காமல் கடப்பாரையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே இரண்டு முறை கழுவிய கடப்பாரை. நான் போய்ப் பேனாவை எடுத்துவந்து படியில் வைத்தேன். 

"பேப்பர எடு லில்லி. சொன்னா சொன்னதுதான். எரு சரியா வரல. இந்த ஆள் போனா வேற ஆள் வருவான். கையெழுத்துப் போடுறேன்."

கடப்பாரை கழுவுகிற சத்தம் நின்றது.

லில்லி பேனாவை எடுத்து அதன் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். கண் இரண்டும் தக்காளியாகச் சிவந்திருந்தது.

"அண்ணி, அஞ்சல அழுவும்போது உங்களத் தேடிச் சுத்திச் சுத்திப் பாத்தேன். காணோம். ஒரு நிமிஷம் நான் நெசமாவே நம்பிட்டேன்."

"அறிவு வேணாம்?"

"அம்மா போனப்பவும் இதே அஞ்சலதான் அழுதுச்சு. இதே கொரல்ல. எனக்கு இன்னான்னே தெரியல, அப்படியே உக்காந்துட்டேன். அம்மாவும் இல்ல, நீங்களும் இல்லன்னா, மரக்காணத்துக்கு வந்து நான் யாருகிட்ட சண்ட போடுறது?"

இந்த மாதிரி நேரத்தில் நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். "பேச்ச மாத்தாத. பேப்பர எடு!" என்று கத்தினேன்.

லில்லி பேனாவை மூடி என் கையில் கொடுத்தாள். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"நீங்கதான் செத்துட்டீங்களே அண்ணி. தெருமுனைல எட்டடிக்கு போர்டு வெச்சிருக்காங்க. செத்தவங்க கையெழுத்து செல்லாது."

முதலில் சிரித்தது என் வீட்டுக்காரர். இருபது வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரைப் பிடித்துத் தள்ளியிருப்பேன். ஆனால் நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் பண்ணைக்காரரிடம் போய் நின்றோம். மன்னிப்புக் கேட்பதற்காக மூன்று வாக்கியம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "பரவால்ல சார், மேடத்துகிட்ட சொல்லுங்க, ஒண்ணும் கெட்டுப் போவல, காப்பாத்திடலாம்" என்றார். மேடம் அவருக்கு எதிரில் இரண்டடியில் நின்றுகொண்டிருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு நோட்டில் எழுதிக்கொண்டேன். கூழைப் பரப்பிக் காய வைத்து, நார்க் கழிவும் சருகும் கலந்து, புட்டு மாவு பதத்தில் ஈரம் தெளித்து, முகத்தில் துணி கட்டிக்கொண்டு பத்து நாளைக்கு ஒருமுறை கிளறினோம். உள்ளே கை வைக்க முடியாத அளவுக்குச் சூடு ஏறி இறங்கியது. சித்திரை வெயிலில் ஒருநாள் கையில் அள்ளிப் பார்த்தேன். கறுப்பாக, உதிரியாக, மழை பெய்த மண் வாசனையோடு இருந்தது. அந்த வருடம் தர்பூசணிக்குப் பருவம் தப்பிவிட்டது. அடுத்த வருடம் வந்தது. முதல் காயை அறுத்து அஞ்சலைக்குக் கொடுத்தேன். ஒரு நல்ல வார்த்தை சொன்னாளா? "இன்னும் கொஞ்சம் பழுத்திருக்கலாம் டீச்சரம்மா" என்றாள்.

இப்போது மூன்று வருடமாக அதே இடத்தில் எரு தயாராகிறது. அம்பாரமாக இல்லை, தளர்வான குவியலாக. மழைத் தூறலுக்கு மேலே போர்த்துவதற்கு அந்த ஃபிளெக்ஸ்தான். நல்ல கனமான ஷீட், வீணாக்க மனம் வரவில்லை. வெயிலில் எழுத்தெல்லாம் வெளுத்துவிட்டது. என் முறைக்கிற முகம் மட்டும் அப்படியே இருக்கிறது. காக்கை கூட கிட்டே வருவதில்லை என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். வீட்டில் நான் இரண்டு நாள் உம்மென்று இருந்தால், "ஸ்டெல்லா, மூடி வெக்காத. கெளறி விட்டுடு" என்பார். அதற்குப் பிறகு நான் கிளறுவது எருவை அல்ல.

லில்லி இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறாள். அதை நினைத்தால் எனக்கு உறுத்துகிறது, உறுத்தினால் கோபம் வருகிறது, கோபம் வந்தால் அவளுக்குத்தான் போன் செய்கிறேன். அவளும் எடுத்தவுடன் கேட்பது ஒன்றுதான்.

"அண்ணி, உயிரோட வந்துட்டீங்களா? கையெழுத்து வேணும்."

"இன்னும் இல்லடி" என்று வைத்துவிடுவேன்.